வாரியத்தில் எங்களுக்கும் ஓர் இருக்கை

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன்படி மனநல மறுஆய்வு வாரியங்களை அமைக்கும் பொறுப்பு உங்களுடையது. ஒருவரை அவரது ஒப்புதலின்றி 30 நாட்களுக்கு மேல் மருத்துவமனையில் வைத்திருக்கலாமா என்ற கேள்வி அந்த வாரியத்தின் முன்தான் வருகிறது.

மாவட்ட நீதிபதி நிலையிலான தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் ஆகியோருக்குப் பின் எஞ்சும் 2 இடங்களுக்கு, மனநோய் உள்ளவர், பராமரிப்பாளர், அவர்களின் அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் என்று பலரையும் 'அல்லது' என்ற சொல்லால் இணைத்துச் சொல்கிறது 74-ஆம் பிரிவு. அந்த ஒரு சொல்லால், நோயை வாழ்ந்தறிந்த ஒருவர்கூட இல்லாமலே வாரியம் சட்டப்படி நிறைவு பெற்றுவிடலாம்.

பராமரிப்பாளர்களின் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என்னைப் பல ஆண்டுகள் தாங்கியவர் என் அண்ணன். ஆனால் என்னை மருத்துவமனையில் சேர்க்கக் கையெழுத்திட்டவரும் அவரே. அவருடைய அச்சமும் என்னுடைய விருப்பமும் முரண்பட்ட அந்த நாட்களில், எனக்காக அவரே பேசுவது எப்படி நியாயமாகும்? ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்ட நிலையில் தீயில் கருகி இறந்த 28 பேரில் பலரைக் குணமாகும் என்ற நம்பிக்கையோடு அங்கே கொண்டுபோய் விட்டவர்கள், அவர்களை நேசித்த குடும்பத்தினர்தாம்.

நான் இருந்த மருத்துவமனையில் காலை மாத்திரைக்குப் பின் எனக்கு நாக்குத் தடித்துவிடும். மதியம் வரை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வராது. அந்த நேரத்தில் மருத்துவர் கேட்டபோது நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். விசாரணையை எந்த வேளையில் வைக்க வேண்டும் என்பதை, அந்த மாத்திரையை விழுங்கியவர் ஒருவர் வாரியத்தில் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுவார்.

ஆகவே, ஒவ்வொரு வாரியத்திலும் அந்த 2 இடங்களில் ஒன்றையாவது மனநோயை அனுபவித்தவருக்கே அளிப்பதை உங்கள் நியமன நடைமுறையாக அறிவிக்குமாறு வேண்டுகிறேன். சட்டம் அதைத் தடுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிற ஐ.நா. உடன்படிக்கையை 2007-இலேயே இந்தியா ஏற்றிருக்கிறது. அவருக்குக் கோப்புகளைத் தமிழில் தாருங்கள், பயணச் செலவை முன்கூட்டியே கொடுங்கள். நோய் கூடி அவர் ஒரு கூட்டத்துக்கு வர இயலாமல் போனால், காய்ச்சலால் வராத மற்றோர் உறுப்பினரின் விடுப்பைப் போலவே அதையும் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு அவரை அழையுங்கள்.

இப்படிக்கு,
மனநோயோடு வாழ்ந்துவரும் ஒரு குடிமகன்