நச்சைக் கண்டறியும் சோதனைப் பெட்டி முதலில் செல்பவர் கையில் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1995 மார்ச் 20 அன்று காலை டோக்கியோவில் ஐந்து சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழுவினர் சாரின் என்ற நரம்பு நஞ்சைக் கசியவிட்டபோது, உதவிக்கு ஓடிய தீயணைப்பு வீரர்களுக்கு அது இன்னதென்றே தெரியவில்லை. முதல் சோதனை அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைக் காட்டியது. சாரின்தான் என்று காவல்துறை அறிவிக்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆயிற்று. அன்று செயின்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் 640 பேர் வந்தார்கள். அவர்களுடைய உடைகளிலிருந்து எழுந்த ஆவி, சிகிச்சை அளித்த ஊழியர் பலரையும் பாதித்தது.

கையடக்கச் சோதனைப் பெட்டிகள் இத்தகைய நேரத்துக்கானவை. அவற்றிலுள்ள தாளில் ஒரு துளி பட்டால் சாரின் வகை மஞ்சளாகவும், கடுகு வாயு எனப்படும் கொப்புள நஞ்சு சிவப்பாகவும், வி.எக்ஸ். என்ற மற்றொரு நரம்பு நஞ்சு கரும்பச்சையாகவும் காட்டும். ஆனால் தாள் திரவத்தை மட்டுமே காட்டும். பூச்சிக்கொல்லியும் பிரேக் எண்ணெயும்கூட அதை நிறம் மாறச் செய்துவிடும். ஆவிக்குப் பயன்படும் அமெரிக்க ராணுவத்தின் எம்256 பெட்டியில் ஒரு நொதி வில்லை உண்டு. நம் நரம்புகள் இயங்கத் தேவையான அதே வகை நொதி அதில் தடவப்பட்டிருப்பதால், காற்று தூய்மையாக இருந்தால் வில்லை நீலமாகும், நரம்பு நஞ்சு இருந்தால் அது நொதியை முடக்கிவிடுவதால் நீலம் தோன்றாது. பயிற்சி இல்லாதவர், நிறம் மாறவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று முகமூடியைக் கழற்றிவிடக்கூடும். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய தாள்களை உருவாக்கியிருக்கிறது. அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படைப் பிரிவு இரசாயன விபத்துகளுக்குப் பயிற்சி பெற்றது. ஆயினும் அந்தப் படை வந்து சேருமுன் களத்தில் நிற்கப்போவது உள்ளூர்த் தீயணைப்பு வண்டியும் 108 ஆம்புலன்ஸும்தான். கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளும் அதே நொதியைத்தான் முடக்குகின்றன என்பதால், பூச்சிமருந்துக் கிடங்கில் கசிவு என்றாலும் இந்தச் சோதனை பயன்படும்; போர் வந்தால்தான் தேவை என்று ஒதுக்கிவிட முடியாது.

எனவே மாவட்டந்தோறும் முதலில் செல்லும் குழுக்களுக்கு இப்பெட்டிகளை வழங்கவும், வில்லையைப் படித்தறியும் பயிற்சியை ஆண்டுதோறும் நடத்தவும், நாள்பட்டால் வீரியம் இழக்கும் நொதி வில்லைகளைக் காலாவதிக்கு முன் மாற்றவும் தனி நிதி ஒதுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
வேலூர்.