கார் நிற்கும் இடத்திலேயே சார்ஜ் ஏற்றும் உரிமை வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வீட்டு உரிமையாளர் ஒருவர்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை

நகல்:
போக்குவரத்துத் துறைச் செயலாளர், மின்வாரியத் தலைவர்

பொருள்: அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்சாரக் காருக்கு சார்ஜிங் வசதி அமைத்துக்கொள்வதை உரிமையாக்கி ஆணை பிறப்பிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஓடிக்கொண்டிருக்கும் டீசல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்குவது என்று எங்கள் வீட்டில் முடிவெடுத்து நாளாகிவிட்டது. எந்த மாடல், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், கடன் எவ்வளவு என்பதெல்லாம் பேசி முடித்தாயிற்று. இருந்தும் வாங்க முடியவில்லை. இரவில் கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைக்க எங்கள் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்கவில்லை. அந்த ஒரே காரணம்தான்.

இது எங்கள் ஒரு குடும்பத்தின் பிரச்சினை என்றால் தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். தனி வீடும் சொந்த ஷெட்டும் உள்ளவர் மின்சாரக் காருக்கு மாற ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் போதும். அடுக்குமாடியில் இருப்பவர் பொதுக்குழுவில் பேசி, பெரும்பான்மை வாங்கி, சங்கச் செயலாளரிடம் தடையில்லாச் சான்று பெற்று, அதை மின்வாரியத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு இத்தனைக்கும் மேலே வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். மின்சாரக் காருக்கு மானியம், வரிச்சலுகை என்று எவ்வளவு கொடுத்தாலும், ராத்திரி கார் நிற்கும் இடத்தில் மின்சாரம் இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எங்கள் கட்டடத்தின் நிலைமையைச் சொல்கிறேன். தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் அறை. எல்லா வீட்டு மீட்டரும் அங்கேதான் இருக்கிறது. என் கார் நிற்கும் இடம் அங்கிருந்து நாலு தூண் தள்ளி. கூரையை ஒட்டி பைப் அடித்து, அதற்குள் காப்பர் வயர் இழுத்து, என் மீட்டரிலிருந்தே இணைப்பு எடுத்து, முனையில் சுமை மீறினால் தானே துண்டிக்கும் ஒரு எம்சிபி, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி, சரியான எர்த் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். செலவு முழுக்க என்னுடையது. கரண்ட் பில்லும் என் பெயரில்தான் வரும். பொதுக் கூரையில் கிளாம்ப் அடிப்பதைத் தவிர மற்றவர்களுக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. கூட்டத்தில் இதை வைத்தபோது, “இன்றைக்கு உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள்” என்றார்கள். எல்லோரும் கேட்க வேண்டும் என்பதுதானே அரசின் விருப்பமும்?

மறுப்பதால் பாதுகாப்பு கூடுகிறதா என்றால் அதுவும் இல்லை. இதே கட்டடத்தில் இன்னொருவர் அனுமதிக்குக் காத்திராமல் காரை வாங்கிவிட்டார். இரண்டாவது மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து அவருடைய எக்ஸ்டென்ஷன் வயர் தொங்குகிறது. கீழே மல்டிபிளக்கை மழைக்குப் பயந்து ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறார். சார்ஜ் ஏறும்போது அந்தப் பிளக்கைத் தொட்டால் கை சுடுகிறது. மிக்ஸி ஓட்டுவதற்காகப் போட்ட வயரில் மணிக்கணக்காக 10 ஆம்பியர் ஓடினால் வேறு என்ன ஆகும்? நியாயமான வழியை அடைத்துவிட்டால் மக்கள் ஆபத்தான வழியில்தான் போவார்கள். இந்த மனுவை எழுத என்னைத் தூண்டியதே அந்த வயர்தான்.

‘வெளியே ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கிறதே, அங்கே போட்டுக்கொள்ளலாமே’ என்று தோன்றலாம். நெடுந்தூரப் பயணத்துக்கு அது கட்டாயம் வேண்டும். தினசரிப் பிழைப்புக்கு அது சரிப்படாது. பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் டிசி (நேர்மின்னோட்ட) ஃபாஸ்ட் சார்ஜிங்கின் வேகம் சட்டென்று குறைந்துவிடும். வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் நேரம் இன்னும் கூடும். வீட்டிலோ சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3.3 கிலோவாட் வரை எடுக்கலாம். இரவு 9 மணிக்கு மாட்டி காலை 6 மணிக்கு எடுத்தால் கிட்டத்தட்ட 30 யூனிட். நடுத்தரக் கார் ஒன்று யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும் என்றே வைத்துக்கொள்வோம். தூங்கி எழுவதற்குள் 150 கிலோமீட்டருக்கு மேல் தேறிவிடும். அடிக்கடி வேகமாக ஏற்றுவதைவிட மெதுவாக ஏற்றுவது பேட்டரியின் ஆயுளுக்கும் நல்லது. பெட்ரோல், டீசல் காரில் எரிபொருளின் ஆற்றலில் கால்வாசி அளவுதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது, மீதி வெப்பமாக வீணாகிறது. மின்சாரக் காரில் முக்கால்வாசிக்கு மேல் சக்கரத்துக்குப் போகிறது. இந்த லாபம் வீட்டுக் கட்டணத்தில் சார்ஜ் ஏற்ற முடிந்தால்தான் குடும்பத்தின் கையில் நிற்கும்.

சங்கங்கள் சொல்லும் காரணங்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. அவர்களும் பயந்துதான் சொல்கிறார்கள். முதல் பயம் மின்சுமை. ‘நாற்பது கார் வந்து, ஒவ்வொன்றும் 7 கிலோவாட் இழுத்தால் 280 கிலோவாட். நம் டிரான்ஸ்பார்மர் தாங்குமா?’ கேள்வி சரி, கணக்குதான் சரியில்லை. எல்லாக் காரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஏற வேண்டிய தேவையே கிடையாது. ஒரு கார் அன்றைக்கு 50 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதற்குத் தேவை, இழப்பையும் சேர்த்து, சுமார் 9 யூனிட். அதை ஒன்பது மணி நேரத்தில் பரப்பினால் சராசரியாக ஒரு கிலோவாட். அதாவது குளியலறை கீசரில் பாதி. நாற்பது காருக்கும் சேர்த்து 40 கிலோவாட், அதுவும் ஊர் உறங்கி மின்தேவை குறைந்திருக்கும் நேரத்தில். கட்டடத்தின் மொத்தச் சுமையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சார்ஜருக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துப் பங்கிடும் கருவிகள் சந்தைக்கு வந்து வெகுகாலமாகிறது. லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடும்போது கார்களுக்குப் போவதைக் குறைத்து, அவை நின்றதும் தானே கூட்டிவிடும். முதல் சில கார்களுக்கு இதுவும் தேவைப்படாது. ஆனால் ஆளாளுக்கு ஒரு மாதிரி வயர் இழுத்த பிறகு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவருவது பெரும் கஷ்டம். விதிமுறை இப்போதே வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது பயம் தீ. ஸ்வீடன் நாட்டின் குடிமைப் பாதுகாப்பு முகமை 2022-ஆம் ஆண்டுக்குத் தந்த கணக்குப்படி, மின்சார மற்றும் ஹைப்ரிட் கார்களில் லட்சத்துக்கு 3.8 கார்கள் தீப்பிடித்தன. எல்லா எரிபொருள் கார்களையும் சேர்த்துப் பார்த்தால் லட்சத்துக்கு 68. இரண்டாவது எண்ணில் வேண்டுமென்றே தீ வைத்த சம்பவங்களும் அடக்கம், பழைய கார்களும் அதிகம். அதைக் கழித்துப் பார்த்தாலும் மின்சாரக் கார்தான் அதிகம் எரிகிறது என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம், லித்தியம் பேட்டரியில் பிடித்த தீ லேசில் அணையாது, நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மறுபடி பற்றலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. அதனால்தான் விதிமுறை வேண்டும் என்கிறேன். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் வேலை செய்ய வேண்டும். மின்சாரக் கார் சார்ஜிங்குக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61851-க்கு உட்பட்ட சார்ஜராக இருக்க வேண்டும். 6 மில்லிஆம்பியர் டிசி கசிவையும் உணரும் பாதுகாப்பு இருக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண ஆர்சிசிபி அதைக் கண்டுகொள்ளாது. தீயணைப்பு வீரர் வந்ததும் எல்லா சார்ஜருக்கும் ஒரே இடத்தில் மின்சாரத்தை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். இப்படி எழுதிக் கொடுத்தால் சங்கங்களுக்கும் தைரியம் வரும்.

டீசல் புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகை அதிகம் தேங்குவது காற்றோட்டம் குறைந்த தரைத்தள கார் நிறுத்தங்களில்தான். காலையில் வண்டியை எடுக்கும் நேரத்தில் பள்ளிக்குக் கிளம்பும் குழந்தைகள் அங்கேதான் நிற்கிறார்கள். மின்சாரக் காரிலும் டயர் தூசு உண்டு, அதற்கான மின்சாரமும் எங்கோ ஒரு நிலையத்தில் தயாராக வேண்டியதுதான். ஆனால் சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருகப் பெருக, இன்று வாங்கும் மின்சாரக் கார் ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகிக்கொண்டே போகும். டீசல் காருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

நான் கேட்பது உலகில் யாரும் செய்யாத ஒன்றல்ல. நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது முழு மின்சாரக் கார்கள். அதற்கு வரிவிலக்குதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அங்கே 2018 முதல் அடுக்குமாடி உரிமையாளர் சார்ஜிங் பாயின்ட் கேட்டால், தகுந்த காரணம் இல்லாமல் நிர்வாகக் குழு மறுக்க முடியாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இந்த உரிமை உண்டு. கலிஃபோர்னியாவிலும் இப்படிச் சட்டம் இருக்கிறது. எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது பிரான்ஸின் முறை. அங்கே சார்ஜர் வைக்க விரும்புகிறவர் முறைப்படி தெரியப்படுத்துகிறார். எதிர்ப்பு இருந்தால், நிர்வாகம்தான் குறித்த காலத்துக்குள் தக்க காரணத்தோடு நீதிமன்றம் போக வேண்டும். இங்கே கேட்கிறவர் தலையில் இருக்கும் சுமை அங்கே மறுக்கிறவர் தலையில் இருக்கிறது.

ஆகவே, தனக்கு ஒதுக்கப்பட்ட கார் நிறுத்துமிடத்தில் தன் செலவில், தன் மீட்டரில், பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு சார்ஜர் அமைத்துக்கொள்ள வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் உரிமை உண்டு என்று அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டுகிறேன். விண்ணப்பம் கொடுத்த 30 நாட்களுக்குள் தொழில்நுட்பக் காரணத்தோடு எழுத்துமூலமாக மறுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கருத வேண்டும். அந்தக் காரணம் உண்மையா என்று பார்க்க மின்வாரியப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து ஆய்வு செய்யட்டும். பொறியாளர் ‘முடியாது’ என்றால் ஏற்றுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2022 ஜூன் முதல், கார் நிறுத்தும் இடம் உள்ள புது வீடுகளுக்கு சார்ஜிங் பாயின்டும் சேர்த்தே கட்ட வேண்டும். அந்த அளவுக்குக்கூட வேண்டாம். ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் காலி பைப்பை மட்டும் பதித்துவிட்டு, மீட்டர் அறையில் கொஞ்சம் இடம் விட்டாலே போதும். தளம் போடும்போது செய்தால் அற்பச் செலவு, கட்டி முடித்த பிறகு கான்கிரீட்டை உடைப்பது பெரிய செலவு. கட்டட அனுமதி விதிகளில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும்.

கார் நிறுத்துமிடமே இல்லாமல் தெருவில் நிறுத்துகிறவர்களும் ஏராளம். அவர்களுக்குத் தெருவிளக்குக் கம்பங்களிலோ நடைபாதை ஓரத்திலோ மெதுவான சார்ஜர்கள் வேண்டும். லண்டன் தெருக்களில் விளக்குக் கம்பத்திலேயே சார்ஜ் ஏற்றும் வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. வரி விஷயத்தில் மட்டும் பிரிட்டன் நமக்கு முன்மாதிரி ஆக வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீத வரி, பொது சார்ஜரில் அதே மின்சாரத்துக்கு 20 சதவீதம். சொந்த ஷெட் இல்லாதவர்தான் கூடுதல் வரி கட்டுகிறார். பொது சார்ஜிங்கின் மின்சாரத்துக்கு வீட்டு மின்சாரத்தைவிட அதிக வரி போடக் கூடாது என்று போக்குவரத்துத் துறையும் நிதித்துறையிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அப்புறம், இருக்கும் பொது சார்ஜர்கள் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலி, அதில் முன்பணம் என்ற நிலை மாறி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் முதல் புது ஃபாஸ்ட் சார்ஜர்களில் இருப்பதுபோல சாதாரண வங்கி அட்டையைக் காட்டியே பணம் கட்ட வழி வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அதுவரை குடியிருப்போர் சங்கங்களுக்குத் தங்கள் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். தன் மீட்டரிலிருந்தே இணைப்பு எடுக்கிறவரிடம் சங்கத்தின் தடையில்லாச் சான்றைக் கேட்க வேண்டாம் என்று மின்வாரியம் ஓர் உத்தரவு போடலாம். இந்த இரண்டுக்கும் சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கருணையோடு பரிசீலித்து, எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: மீட்டர் அறையிலிருந்து கார் நிறுத்துமிடம் வரையிலான வயரிங் வரைபடம், உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் மதிப்பீடு, சங்கத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல்