வலிக்கவில்லை என்று படுக்க வைத்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மாசிப் பச்சைக்குக் குலசாமி கோயிலில் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு வந்த பெரியப்பா, காலை 7 மணிக்குக் காபி டம்ளரைக் கீழே விட்டார். வலது கை. நாங்கள் பேசுவது புரிகிறது, தலையாட்டுகிறார், பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. எங்கேயாவது வலிக்குதா என்று கேட்டோம், இல்லை என்று தலையாட்டினார். பக்கவாதம் என்று தெரியாமல், சரி, கண் விழித்த களைப்பு என்று பாயைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அப்போதே வண்டி பிடித்திருப்போம்.

மத்தியானம் எழுப்பினால் வலது கால் ஊன்றவில்லை, வாய் கோணியிருந்தது. புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி ஒருவர். அப்புறம் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி 2 மணி நேரம் போயிற்று, அங்கே சிடி ஸ்கேன் கிடையாது. மதுரை வந்து சேரும்போது சாயங்காலம் 5 மணி. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. மூளை ரத்தக்குழாயில் வந்த அடைப்பைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். அடைப்பு இல்லாமல் மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் அதே ஊசி உயிருக்கே ஆபத்து, அதனால் ஸ்கேன் எடுக்காமல் யாரும் போட மாட்டார்கள்.

டாக்டர் சொல்லித்தான் தெரியும், உடம்பெல்லாம் வலிப்பதை உணர்கிற மூளைக்குத் தன் சதையில் வலி தெரியாது. இடது பாதி மூளைதான் வலது கை காலை ஆட்டுவிக்கிறது, பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அந்தப் பக்கம்தான், ஆக வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போனது தற்செயல் இல்லை. பின்மண்டையில் இருக்கிற சிறுமூளையில் அடைப்பு வந்தால் கை கால் விழாமலே ஆள் தள்ளாடுவார், வாந்தி எடுப்பார், நாக்குக் குழறும். நம்மூரில் அதற்கு என்ன பேர் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், திண்ணையில் கிடத்தி, தெளியட்டும் என்று போய்விடுவார்கள்.

வாய் கோணினாலே பக்கவாதம் என்றும் இல்லை. முகத்து நரம்பு மட்டும் கெட்டால் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது; மூளை அடைப்பில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். ஆனால் இதை வீட்டில் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், 108க்குப் போன் போடுங்கள். பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போங்கள், அடுத்து பெரிதாக வரலாம். சோடா, மாத்திரை, ஒரு வாய் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

பெரியப்பா இப்போது குச்சி ஊன்றி நடக்கிறார், என் பேர் மட்டும் இன்னும் அவர் வாயில் வரவில்லை. உங்கள் பேப்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் ராத்திரியிலும் சிடி ஸ்கேன் எடுக்கிற, அந்த ஊசியும் போடுகிற ஆஸ்பத்திரிகள் எவை என்று விசாரித்து ஒரு பட்டியல் போடுங்கள். வெட்டி எடுத்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவைக்கிறோம்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டார வாசகர் ஒருவர்