ஒரு லீற்றர் டீசலின் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள்

எரிபொருள் விலையைத் தீர்மானிக்கும் பொறுப்பில் உள்ள ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறவன் நான். 2025 ஜூன் 30 இரவு நீங்கள் அறிவித்த விலையைப் பற்றித்தான் இந்த மடல். டீசல் 15 ரூபாய் கூடி 289 ஆனது. 92 ஒக்டேன் பெற்றோல் 12 ரூபாய் கூடி 305. மண்ணெண்ணெய் 7 ரூபாய் கூடி 185. இதெல்லாம் நீங்களே போட்ட விலை, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த இரவு எங்கள் பக்கத்தில் எப்படிப் போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த போகத்தில், பெரும்பாலும் வராது. அதனால் வடிச்சல் வாய்க்காலில் தேங்கும் தண்ணீரை, லேண்ட் மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் பம்பைப் பூட்டித்தான் ஏற்ற வேண்டும். லேண்ட் மாஸ்டர் எனக்குச் சொந்தமில்லை. எங்கள் வட்டைக்குள், அதாவது வயல் வெளிக்குள், ஒருவரிடம் வாடகைக்கு எடுக்கிறோம். பகலில் அதற்கு வேறு வேலை. இரவில்தான் முறை வைத்துத் தருவார், டீசல் நாங்கள் ஊற்ற வேண்டும். ஜூன் 30 இரவு என்னுடைய முறை.

மாலை ஐந்து மணிக்கே கேனை எடுத்துக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் போனேன். மாசக் கடைசி, விலை கூடப்போகிறது என்று எல்லோருக்கும் கதை வந்திருந்தது. வரிசை வீதி வரைக்கும் நின்றது. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது டீசல் முடிந்துவிட்டது என்று சங்கிலியைப் போட்டார்கள். மறுநாள் விடிய ஆறு மணிக்கு அதே செட்டில் டீசல் இருந்தது, புது விலையில். இரவில் எண்ணெய் கொண்டுவரும் பவுசர் வந்ததைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை.

ஆனால் அதற்குள் என் முறை போய்விட்டது. டீசல் வைத்திருந்த இன்னொருவருக்கு லேண்ட் மாஸ்டர் போனது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய வயலும் காய்ந்துதான் கிடந்தது. எனக்குத் திரும்ப முறை வர நான்கு நாளாயிற்று. பயிர் குடலைப் பருவத்தில், கதிர் வெளியே வருவதற்கு முந்திய பருவத்தில், நின்றது. வயல் செய்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் வருகிற கதிரில் பாதி பதர். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது மேட்டுப் பக்கத்தில் கால்விரல் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்திருந்தது. என் மனைவி வரம்பில் நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தா. நான்காம் இரவு இரண்டு பேரும் டோர்ச் லைட்டும் யானை வெடியும் வைத்துக்கொண்டு விடிய விடிய தண்ணீர் ஏற்றினோம். எங்கள் பக்கம் இரவில் யானை இறங்கும் பக்கம்.

அந்த ஒரு இரவுக்கு 8 லீற்றர் டீசல், 2312 ரூபாய். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல் என்கிற ரகத்துக்கு வைத்த விலை கிலோவுக்கு 120 ரூபாய். ஒரு இரவுத் தண்ணீருக்கு 19 கிலோ நெல் போகிறது. கதிர் முற்றும் வரை நான்கு நாளைக்கு ஒருமுறை இப்படி ஏற்ற வேண்டும்.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால் உலகச் சந்தை என்கிறீர்கள். சரி, அதையும் பார்ப்போம். ஜூன் 13 ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெய், பீப்பாய் 80 டொலரை நெருங்கியது. 24 ஆம் திகதி போர் நின்றது. மாதம் முடிவதற்குள் விலை 70 டொலருக்குக் கீழே இறங்கிவிட்டது. இறங்கிய பிறகுதான் இங்கே ஏற்றினீர்கள். முடிந்துபோன நாட்களின் சிங்கப்பூர்ச் சந்தை விலையைப் பார்த்துத்தான் உங்கள் விலைச் சூத்திரம் கணக்குப் போடுகிறது என்பது உங்கள் பதில். அப்படியானால் அந்தக் கணக்கையே காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2021 டிசம்பரில் டீசல் 121 ரூபாய். அப்போதும் மசகு எண்ணெய் 75 டொலர் அளவில்தான் இருந்தது. அன்று ஒரு டொலர் 200 ரூபாய், 2025 ஜூனில் 300. டொலரை மட்டும் வைத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 180 ரூபாய் வருகிறது. நீங்கள் வைத்த விலை 289. அன்றைய 121 ரூபாய் நட்டத்துக்கு விற்ற விலை என்பது எனக்கும் தெரியும். அந்த நட்டம்தான் கடனாகச் சேர்ந்தது. அந்தக் கடனை அடைக்க இப்போது லீற்றருக்கு 50 ரூபாய் எடுக்கிறீர்கள். 2024 ஜனவரி முதல் எரிபொருளுக்கும் 18 வீதம் வற் வரி வந்தது. இவை போக எங்கள் 289 ரூபாயில் இன்னும் என்னென்ன இருக்கிறது? கப்பல் கூலிக்கு எவ்வளவு, சுங்கத்துக்கு எவ்வளவு, விற்பவரின் தரகு எவ்வளவு? ஒவ்வொரு மாதமும் புது விலையோடு சேர்த்து இதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒவ்வொரு பெற்றோல் செட்டிலும் மக்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். இதுதான் என் கோரிக்கை.

அந்த 50 ரூபாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் 8 லீற்றரில் 400 ரூபாய் பழைய கடனுக்குப் போகிறது. அந்தக் கடனை நான் வாங்கவில்லை. 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ஆனபோது மூன்று இரவு வரிசையில் படுத்தேன். அந்தச் சிறுபோகத்தில் டீசல் கிடைக்காமல் பாதி வயலைக் கைவிட்டேன். அந்த நட்டத்தை யாரும் எனக்குத் தரவில்லை. இப்போது கடனையும் நாங்களே கட்டுகிறோம். கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறோம், மிச்சம் எவ்வளவு, எந்த மாதத்தோடு இந்த 50 ரூபாய் நிற்கும் என்று சொல்லுங்கள். வங்கியில் நகை அடகு வைத்தாலும் துண்டில் எல்லாம் எழுதித் தருகிறார்கள்.

வயல்காரனுக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை இது. என் மச்சான் வாழைச்சேனையில் கடலுக்குப் போகிறவர், மண்ணெண்ணெய் இயந்திரம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயை ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏற்றினார்கள். அந்த மாதம் அவருடைய தோணி பல நாள் கரையில் கிடந்தது. 2025 ஜூன் கடைசியில் 185 என்றால் குறைந்துவிட்டது என்கிறார்கள். 87 ரூபாய்க்குப் பழகியவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் திருகோணமலையில் 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை, ஒன்றில் ஏறக்குறைய 10,000 தொன் கொள்ளும். 2022 ஜனவரியில் அவற்றைத் திருத்திப் பாவிக்க ஒப்பந்தம் போட்டார்கள். விலை இறங்கும்போது வாங்கிச் சேர்த்து வைக்க எங்கள் கிழக்கிலேயே இடம் இருக்கிறது. அதில் அரைவாசியாவது பாவனைக்கு வந்திருந்தால் ஒரு பன்னிரண்டு நாள் போருக்கு எங்கள் வயல் வரைக்கும் சூடு வந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. நெல்லுக்குப் போகத்துக்கு ஒருமுறை விலை சொல்கிறீர்கள், அதுவும் ஈரம் 14 வீதத்துக்குள் இருந்தால்தான். டீசலுக்கு மாதா மாதம் சொல்கிறீர்கள். நாங்கள் எதை நம்பி விதைப்பது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். விலையை நாளைக்கே பாதியாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. டொலரில் வாங்கும் பொருள் என்பது எங்களுக்கு விளங்கும். நான் கேட்பது ஒரு லீற்றரின் கணக்கு. உங்கள் சூத்திரத்தில் அது ஏற்கனவே இருக்கிறது, எழுதி ஒட்ட ஒரு தாள் போதும்.

அதோடு ஒரு சிறிய வேண்டுகோள். விலை மாறும் மாசக் கடைசி இரவில், இருப்பு உள்ள செட்டுகள் பூட்டப்படாமல் இருக்க யாரையாவது அனுப்பிப் பார்க்கச் செய்யுங்கள். அடுத்த விலை ஜூலை 31 இரவு வரும். அந்த நேரம் எங்கள் வட்டையில் கதிர் பழுக்கத் தொடங்கியிருக்கும், வெட்டு மெசின்காரர் கூலி பேச வருவார். டீசல் என்ன விலை என்றுதான் அவர் முதலில் கேட்பார். அதற்கு முன்பு அந்தத் தாளை ஒட்டித் தாருங்கள்.

இப்படிக்கு,
தாழ்மையுடன்,
படுவான்கரை விவசாயி ஒருவர்
2025 ஜூலை