வாசலில் நின்ற ஸ்ட்ரெச்சர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோருக்கான கொரோனா பரிசோதனை பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'முடிவு வரும்வரை சற்றுப் பொறுத்திருப்பதால் நோயாளிக்கு இழப்பு ஒன்றுமில்லை' என்ற வரிக்குப் பிறகு மேலே படிக்க மனம் வரவில்லை.

2020 டிசம்பரில் ஓர் இரவு எட்டரை மணிக்கு என் அப்பாவுக்குப் பேச்சு குழறியது. ஒன்பது மணிக்கு மருத்துவமனை வாசலில் இருந்தோம். மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்தார்கள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்க வலது கையைத் தூக்கப் பார்த்தார், அது எழவில்லை. இடது கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். 'ரிசல்ட் வரட்டும்' என்று ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் தள்ளி நிறுத்தினார்கள். அதைச் சொன்னவர் மருத்துவர் அல்ல, செவிலியரும் அல்ல, வாசற்காவலர்.

பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்களுக்கு முடிவு வந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. கொரோனா இல்லையாம். அப்பாவின் சட்டைக்கு இன்றும் நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன்.

பரிசோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015இல் சியோலில், நெரிசலான ஓர் அவசரப் பிரிவில் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து 82 பேருக்கு மெர்ஸ் என்ற சுவாச நோய் தொற்றியது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வருகிறவருக்குத் தொற்று இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அவருக்கு முகக்கவசம் மாட்டி, ஊழியர்கள் என்95 கவசமும் மேலங்கியும் அணிந்து, தனியிடத்தில் வைத்து உடனே சிகிச்சையைத் தொடங்கலாமே! மாதிரி ஒரு பக்கம் ஆய்வகத்துக்குப் போகட்டும். சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகு கருவியைத் துடைத்துக்கொள்ளலாம். போன நேரத்தை எதைக் கொண்டு மீட்பது?

முடிவு நெகட்டிவ் என்றதும் என்ன நடந்தது தெரியுமா? அப்பாவின் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பொது வார்டில் சேர்த்தார்கள். தொற்றிய முதல் சில நாட்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம் என்பதை அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கொரோனாவுக்கு முன்பும் இதே கதைதான். ஃப்ளூ காய்ச்சலோடு இருமுகிறவரும் கைக்குழந்தையோடு வந்தவரும் ஒரே பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னல்கள் மூடியே கிடக்கும். அதைப் பற்றி அப்போதே தங்களுக்கு எழுதினேன். இரண்டு வரியாகச் சுருக்கி வெளியிட்டீர்கள். இடப் பற்றாக்குறை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இந்த முறை அப்படித் தேற்றிக்கொள்ள முடியவில்லை.

அந்த வரியைத் திருத்தி, சிகிச்சையும் பரிசோதனையும் ஒன்றாகவே தொடங்க வேண்டும் என்று அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து, உள்ளே நுழைந்ததும் மருத்துவரிடம் சொல்லும்படி வாசகர்களுக்கு ஒரு பெட்டிச் செய்தியும் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்