அந்த ராத்திரி எங்களோடு நின்ற எல்லோருக்கும்

டாக்டர்கள், சிஸ்டர்கள், 108 அண்ணன்கள், ரத்தம் கொடுத்த தம்பிகள் அனைவருக்கும் வணக்கம்.

என் மனைவிக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. பிள்ளை பெற்றால் ரத்தம் போகத்தான் செய்யும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரசவ வார்டு சிஸ்டர் அப்படி விடவில்லை. நனைந்த துணிகளை எடை போட்டுப் பார்த்தார், அரை லிட்டரைத் தாண்டிவிட்டது என்று சொல்லி உடனே டாக்டரைக் கூப்பிட்டார். சிஸ்டர், என் முதல் நன்றி உங்களுக்குத்தான்.

கர்ப்பப்பை சுருங்கவில்லை. அதைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரனெக்சாமிக் ஆசிட் எல்லாம் ஏற்றினார்கள், உள்ளிருந்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தப் பலூன் வைத்தார்கள். ரத்தம் நிற்கவில்லை, மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் நாடியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணைத் திற தாயி, பாப்பா தேடுதுல்ல" என்று பேசிக்கொண்டே வந்த 108 அண்ணனை நாங்கள் மறக்க மாட்டோம்.

அங்கே கர்ப்பப்பையை எடுப்பதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் டாக்டர் அம்மா, "பிரஷர் இன்னும் தாங்குது, அதுக்கு முன்னாடி ஒரு வழி இருக்கு" என்று சொல்லி, ரேடியாலஜி டாக்டரை வீட்டிலிருந்து வரவழைத்தார். அவர் வந்ததும் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் படம் வரைந்து எனக்குப் புரியவைத்தார். தொடை இடுக்கில் ஊசி குத்துகிற அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாக மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளுக்குக் கொண்டுபோய், ஜெல்ஃபோம் என்கிற பஞ்சு போன்ற பொருளின் துணுக்குகளால் அடைப்பார்களாம். எம்போலைசேஷன் என்று பெயர். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், ஜெல்ஃபோம் சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும். இரண்டு பக்கமும் அடைத்த பிறகு ரத்தப்போக்கு நின்றது. கர்ப்பப்பையும் பிழைத்தது.

அவசரத்திலும் நின்று விளக்கிய அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வேன் டாக்டர்! இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அதற்கான மெஷினும் நிபுணரும் எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அப்புறம், ரத்தம் கொடுத்த தம்பிகளே, ரத்த வங்கியில் உங்கள் பெயரைக் கேட்டேன், சொல்ல மாட்டார்கள், விதி அப்படியாம். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அவள் நன்றாக இருக்கிறாள், நடக்கிறாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லச் சொன்னதும் அவள்தான்.

இப்படிக்கு,
குழந்தையின் அப்பா