குழந்தைகளுக்குப் படம் போடும் திரைப்படச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கென்று உலகப் படம் போடுகிறீர்கள். அரங்க வாடகை பல நேரம் உங்கள் கைக்காசுதான் என்பதும் தெரியும். அதனால் குறை சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன்: எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கில சப்டைட்டிலோடு ஒரு செக் மொழிப் படத்தைப் போட்டால் அது என்னதான் செய்யும்?

அண்மையில் அப்படி ஒரு திரையிடலில் உட்கார்ந்திருந்தேன். 1973-ல் செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து எடுத்த ‘சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று ஹேசல்நட்டுகள்’. வாட்ஸ்லவ் வோர்லிச்செக் இயக்கியது. கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் “என்னப்பா சொல்றா?” என்று சுரண்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா ஒரு வரியைப் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வரி ஓடிப்போகும். பாதிப் படத்தில் பல நாற்காலிகள் காலி.

எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் இந்தச் சிண்ட்ரெல்லா பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கக்கூடியவள். மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க மாட்டாள். இளவரசன் மேல் பனிக்கட்டியை உருட்டி எறிவாள், குதிரையில் பறப்பாள், வேட்டைக்காரப் பையன் வேஷத்தில் வந்து குறி தவறாமல் அம்பு விடுவாள். மந்திரக்கோலோடு வந்து நிற்கும் தேவதையும் கிடையாது. மூன்று ஹேசல்நட்டு, அதாவது ஓடுள்ள சின்னக் கொட்டைகள்தான். ஒன்றில் வேட்டை உடை, இன்னொன்றில் நடன விருந்துக்கான உடை, கடைசியில் கல்யாண உடை. விருந்தில் முகத்திரையோடு நின்று இளவரசனுக்கு விடுகதை போடுவாள்: கன்னத்தில் சாம்பல், ஆனால் புகைபோக்கி துடைப்பவன் இல்லை, தோளில் வில், ஆனால் வேடன் இல்லை, வெள்ளி இழை உடை, ஆனால் இளவரசி இல்லை, யார் அது? அதைத் தமிழில் கேட்டிருந்தால் அரங்கமே விடை சொல்லிக் கத்தியிருக்கும். அன்றைக்கு அது திரையின் அடியில் வெள்ளை எழுத்தாக வந்தது, போனது.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் பெரிதில்லை. நார்வேயில் இதே படத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தொலைக்காட்சியில் போடுவது பல வருட வழக்கம். அங்கே பாத்திரத்துக்கு ஒரு குரல் என்று டப்பிங் கிடையாது. க்னூத் ரீசான் என்ற நடிகர் ஒருவரே எல்லோருக்கும் பேசுகிறார். சிண்ட்ரெல்லாவுக்கும் அவர்தான், சித்திக்கும் அவர்தான், ராஜாவுக்கும் அவர்தான். அடியில் செக் மொழி மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் கேட்பவருக்குச் சிரிப்பு வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நார்வேக்காரர்களுக்கு அந்தக் குரல் இல்லாமல் பண்டிகையே தொடங்காது. பிபிசியும் 1960களில் ‘பாடி ஒலிக்கும் மரம்’ என்ற கிழக்கு ஜெர்மன் படத்தை அப்படித்தான் காட்டியது. ஜெர்மன் வசனம் ஓட, மேலே ஆங்கிலத்தில் ஒருவர் கதை சொன்னார். கரடியாக மாறிய இளவரசனையும் அந்தப் பொல்லாத குள்ளனையும் பார்த்துப் பயந்த பிரிட்டிஷ் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. ஊமைப்பட காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளிலும் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, படத்தின் நடுவே வரும் எழுத்து அட்டைகளை உரக்கப் படித்து விளக்கியிருக்கிறார். அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். நல்ல கதைசொல்லி ஒருவர், ஒரு மைக், படத்தை முன்கூட்டியே நாலு தடவை பார்க்க அவகாசம். நடித்துக் காட்ட வேண்டியதில்லை. ரீசானும் பெரிதாக நடிப்பதில்லை. பாட்டு வரும்போது வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

அடுத்து பிரெஞ்சு இயக்குநர் ழான் காக்தோவின் 1946-ஆம் வருடத்து ‘அழகியும் அரக்கனும்’ போடலாம். கறுப்பு வெள்ளை, பிரெஞ்சு மொழி, பிள்ளைகள் உட்காருவார்களா என்று யோசிப்பீர்கள். சுவரிலிருந்து நீளும் மனிதக் கைகள் மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பிடித்திருக்கும் அந்த நடைவழி வந்ததும் சத்தம் தானாக அடங்கும். உண்மையான ஆட்கள் சுவருக்குப் பின்னால் நின்று கையை நீட்டியதுதான் அந்த மாயம். அழகி நடக்காமல் மிதந்து வருவாளே, அதுவும் சக்கரப் பலகையில் நிறுத்தி இழுத்தது. படம் முடிந்ததும் இதைச் சொன்னால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பார்கள். ஸ்கேட்டிங் பலகை வைத்திருக்கும் வீடுகளுக்கு மட்டும் முன்னெச்சரிக்கை கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. படத்துக்கு முன்னால் இருபது நிமிட உரை வேண்டாமே. சிண்ட்ரெல்லா படத்தின் திரைக்கதையை எழுதிய ஃப்ரான்டிஷெக் பாவ்லிச்செக் அரசின் தடைப் பட்டியலில் இருந்ததால் வேறொருவர் பெயரில் அது வெளிவந்தது என்பது பெரிய விஷயம்தான். அதைப் பெரியவர்களுக்கு டீக்கடையில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால், பனி போதாத இடங்களில் மீன் தூளைத் தூவினார்கள், நாற்றம் குடலைப் பிடுங்கியது என்று சொல்லுங்கள்.

உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்கும்போதே, நேரடியாகத் தமிழில் கதை சொல்லப்போகிறோம் என்பதையும் எழுதிக் கேட்டுவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு இது சரியாக இருக்கும். கதை சொல்ல ஆள் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். சித்திக்குப் பேச எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அன்புடன்,
பின்வரிசைப் பார்வையாளர் ஒருவர்